ராமாவின் கற்கள்

அன்பு மகள் மில்காளுக்கு, கேபாவிலிருந்து அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் உயிரோடு இருக்கிறோம். உன் வீட்டார் சுகமாயிருக்கும் செய்தியைக் கர்த்தர் எங்கள் காதில் விழச் செய்வாராக. இந்த வருஷம் திராட்சை சுமார்தான், ஒலிவக்காய் பரவாயில்லை, உன் அம்மாவுக்குத்தான் இருமல் நின்றபாடில்லை, இரண்டு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இங்கே குடில் போட்டுத் தங்கும் கூடாரப் பண்டிகை முடிந்துவிட்டது, ஊரெல்லாம் குடிலைப் பிரித்துத் தழையை ஆட்டுக்குப் போட்டாயிற்று, நம் மாடியில் மட்டும் குடில் காய்ந்துபோய் நிற்கிறது. உன் அம்மாவைக் கேட்டால், "எம்மவளுக்கு அடுத்த மாசந்தானே பண்டிகை, அவ வந்து உக்காராம பிரிக்க விடமாட்டேன்" என்கிறாள். ராஜ்யத்தை இரண்டாக்கியவர்கள் பண்டிகையையும் இரண்டாக்கி வடக்கே இருக்கும் உங்களுக்கு ஒரு மாதம் தள்ளி வைத்துவிட்டார்கள், நாம்தான் நடுவில் கிடந்து அல்லாடுகிறோம். பக்கத்து வீட்டு ஓதேத், "என்னண்ணே, வடக்கு ராஜா பக்கம் சாஞ்சுட்டீங்களா?" என்று தினமும் கேலி பேசுகிறான். பதில் சொல்லி அலுத்துவிட்டது.

உங்கள் ராஜா எல்லையிலுள்ள ராமா ஊரில் மதில் எழுப்பி வழியை அடைத்தாரே, உங்களுக்கும் வடக்கே சண்டை வந்ததும் அதைப் பாதியில் போட்டுவிட்டு உங்கள் ஆட்கள் போய்விட்டார்கள். வழி திறந்துவிட்டது என்று சந்தோஷப்படக்கூட விடவில்லை. அந்த மதிலைப் பிரித்துக் கல்லையும் மரத்தையும் கேபாவுக்குச் சுமந்து வர வேண்டும், ஒருவருக்கும் விலக்கில்லை என்று எங்கள் ராஜா கட்டளை போட்டுவிட்டார், கிழவர்களும் போகிறோம். உன்னை அந்தப் பக்கம் நிறுத்திய அதே கல்லைச் சுமந்து வந்து இங்கே எங்கள் மதிலுக்குக் கொடுக்கிறேன். தோள் புண்ணாகிவிட்டது, மனசு அதைவிட மோசம். இந்த மதில் முடிந்து வாசலுக்குக் கதவு மாட்டியதும் வடக்கத்தியார் யாரையும் உள்ளே விடமாட்டார்களாம்.

அதனால் இந்த முறை தட்டிக்கழிக்காதே அம்மா. பண்டிகைக்கு உங்கள் பெத்தேல் கோவிலுக்கு எப்படியும் வருவீர்கள், அங்கிருந்து நம் வீடு அரைநாள் நடைகூட இல்லை. மாப்பிள்ளையிடம் பக்குவமாகச் சொல், வழியில் வீரர்களிடம் வாய் கொடுக்காதே, குழந்தைக்குக் கம்பளி எடுத்துக்கொள். உன் அம்மா அடுத்த வருஷப் பண்டிகை வரை இருப்பாள் என்று எனக்குத் தோன்றவில்லை.

கர்த்தர் உன் வரத்தையும் போக்கையும் காப்பாராக. அத்திப்பழ அடை கொண்டுவர மறக்காதே, அம்மா ஆசைப்படுகிறாள். நேற்று மேற்பார்வைக்காரன், "என்ன பெரியவரே, கல்லைத் தூக்குறீரா, தாலாட்டுறீரா?" என்று எல்லார் முன்னாலும் கத்தினான். கத்தட்டும். நீ வந்து சேரும்வரை நான் மெதுவாகத்தான் சுமப்பேன்.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும்,
அப்பா பெரேகியா