மாப்பிள்ளை வீட்டாருக்கு வாங்கிய தயிர்

வியாழன், இரவு.

துறைமுகத்தில் வேலை செய்யும் மாப்பிள்ளையின் வீட்டார் இன்று என் மகளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. காலையில் போன் எடுத்து, வேண்டாம் என்றுவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பெரிய ஆட்கள்!

அவர்களுக்குக் கேக் அடிக்கவென்று வாங்கிய கிண்ணியா ஊர்த் தயிர்ச் சட்டி குசினியில் இருந்தது. அதில் பாதியை மாவில் சேர்த்து, பட்டருக்குப் பதிலாக எண்ணெய் ஊற்றி, கேக் அடித்தேன். தயிர் சேர்த்தால் கேக் நாளைக்கும் ஈரம் காயாது.

வாசம் வேலி தாண்டியதும் பக்கத்து வீட்டு ராணியக்கா வந்துவிட்டார்.

"என்ன, கலியாணம் சரிவந்திட்டுதோ?"

"இல்லையக்கா. அவையள் வேண்டாமெண்டிட்டினம்."

"அப்ப கேக் ஆருக்கு?"

"எங்கட வீட்டிலயும் வாய் இருக்குத்தானே?"

அவர் விழித்த விழியில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஓரத்தில் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தேன். இன்னொன்றும் கேட்டு வாங்கித் தின்றார்.

மகள் மட்டும் அறையை விட்டு வரவில்லை. அதுதான் பகல் முழுக்க என்னை அரித்தது. விளக்கு வைத்த பிறகு வந்தாள். மெத்தென்றிருந்த நடுத்துண்டை வெட்டி எடுத்து, நின்றபடியே தின்றாள்.

"அவையள் வந்திருந்தா நடுத்துண்டு எனக்குக் கிடைச்சிருக்காது, அம்மா."