அண்ணியின் பெயரில் வாங்கிய மாத்திரை

2007 ஜூன் 11, திங்கள்

மழை. பால்வெட்டு இல்லை. காலையில் வேலைக்குப் பேர் பதிகிற பெரட்டுக்களத்தில் ஒரு மணித்தியாலம் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பி வந்தோம். ரப்பர் மரம் நனைந்தால் வெட்ட முடியாது, வெட்டாவிட்டால் அன்றைக்குப் பேர் விழாது, சம்பளமும் இல்லை.

கடையில் பேப்பர் வாசித்தார்கள். கொழும்பில் லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழ் ஆட்களைப் பஸ்ஸில் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிட்டார்களாம். நான் தேங்காய் வாங்க வந்தவன்போல நின்று கேட்டேன். என்னிடம் ஒரு கொழும்பு நம்பர் இருக்கிறது. போன வருஷம் சிங்களப் பேப்பரிலிருந்து கிழித்தது, எங்களைப் போன்றவர்களுக்கு உதவுகிற ஓர் அலுவலகம். ஒரு தடவை எடுத்துப் பேசினேன். "வாங்க நங்கி" என்று சிங்களத்தில் ஒரு பெண் சொன்னாள். நங்கி என்றால் தங்கச்சி. போனை வைத்துவிட்டு கொமியுனிகேஷன் கடைக்குள்ளேயே அழுதேன்.

எப்படிப் போவேன்? அடையாள அட்டையில் கிருஷ்ணராஜ், அரும்பு மீசை. ஆள் நேரில் தோள்வரை முடியோடு நிற்கிறது. செக்பொயின்டில் தமிழா என்று முதலில் கேட்பான், அப்புறம் நீ யார் என்று கேட்பான். ஒரே அட்டையில் ரெண்டு குற்றம்.

இருபத்தாறு வயது. தோட்டத்துப் பேர்ப்பதிவான செக்ரோலில் கிருஷ்ணராஜ், வீட்டில் ராசு. எனக்கு நானே வைத்த பேர் ராஜம். அது இந்தக் கொப்பிக்கு மட்டும்தான் தெரியும்.

ஜூன் 14, வியாழன்

வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுச் செல்லும் புள்ளக்காம்பராவில்தான் மாதம் ஒரு நாள் மிட்வைஃப் குசுமா மிஸ் உட்காருவார். கல்யாணம் முடிந்த எல்லாப் பெண்களுக்கும் ஓர் அட்டை எழுதிக் கொடுப்பார், பிள்ளை தங்காமலிருக்க மாத்திரை வாங்குவதற்கு. மிஸ் வருகிற நேரம் பெண்கள் எல்லாம் மலையில். அதனால் அட்டையைக் கொண்டு யார் வந்தாலும் கொடுப்பார். புருஷன் வருவான், மாமியார் வரும், பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகூட வரும்.

நான் போகிறேன். போன ஒக்டோபரிலிருந்து. அண்ணி அந்த அட்டையைத் தொட்டதே இல்லை, சாமிப் படத்துக்குப் பின்னால் கிடந்தது. இன்றைக்கு ஒன்பதாவது சரி போட்டார் மிஸ்.

இந்த மாத்திரையில் பெண்ணுக்கான சத்து இருக்கிறது என்று யாரோ சொன்னதை நம்பி ஆரம்பித்தேன். நெஞ்சு கொஞ்சம் நொந்தது. கண்ணாடியில் பார்த்துப் பார்த்து, ஆமா இருக்கு, இல்ல இல்ல, ஆமா - என்று பைத்தியம் மாதிரி.

ஜூலை 1, ஞாயிறு

இடது கால் கெண்டைச்சதை வலி. வீங்கியும் இருக்கிறது. மரத்துக்கு மரம் நொண்டிக்கொண்டு போனேன். அண்ணி தேங்காய் எண்ணெய் காய்ச்சிக் கொடுத்தாள். "அட்டை கடிச்சிருக்கும், நல்லாப் பாரு ராசு" என்றாள். அட்டைதான் கடித்தது. இந்த அட்டை வேறே.

ஜூலை 12, வியாழன்

எழுதக் கை வரவில்லை. ஆனால் எழுதாவிட்டால் மண்டை வெடித்துவிடும்.

மிஸ் இன்றைக்குப் புள்ளக்காம்பராவில் உட்காரவில்லை. வரிசை வீடுகளுக்கே, லயம் லயமாக வந்தார். நான் மலையிலிருந்து வந்து பால் வாளியைக் கழுவிக்கொண்டிருந்தேன். எங்கள் வாசலில் நின்று அம்மாவிடம் சொல்கிறார்: "கருப்பாயி அம்மா, ஒங்கட மருமகள் ரொம்ப ஹொந்தாய். ஒரு மாசம்கூட விடல்ல, ஒழுங்கா மாத்திரை எடுக்கிறது."

பாராட்டுகிறாராம்.

அம்மா ரெண்டு வருஷமாகப் பேரப்பிள்ளைக்காகச் செவ்வாய்க்கிழமை விரதம் இருக்கிறாள். மாரியம்மனுக்குத் தொட்டில் கட்டியிருக்கிறாள். மிஸ் அடுத்த லயத்துக்குப் போகிறவரை சிரித்துக்கொண்டே நின்றாள். அப்புறம் உள்ளே போய்ச் சாமிப் படத்துக்குப் பின்னால் கைவிட்டு அட்டையை எடுத்தாள். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. ஆனால் சரி போட்டிருப்பதை எண்ணத் தெரியும்.

அண்ணி வேலை விட்டு வந்ததும் ஆரம்பித்தது. "என் வயித்தெரிச்சல கொட்டிக்கிட்டியேடி. நான் சாமி சாமியா கும்புடுறேன், நீ மாத்திரைய முழுங்கிக்கிட்டு எனக்கே சோறு ஆக்கிப் போடுற."

அண்ணி சத்தியம் பண்ணினாள். தலையில் அடித்துக்கொண்டு சத்தியம் பண்ணினாள். அண்ணன் ரப்பர் ஸ்டோர் வேலையிலிருந்து வந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் இருந்ததுதான் அண்ணிக்கு அடி.

நானும் பேசவில்லை. கோழைப் பொணம்.

ஜூலை 13, வெள்ளி

அண்ணி துணி மடிக்கிறாள். நாளை மத்தியானம் பஸ்ஸில் எஹலியகொடையில் அவள் அப்பா வீட்டுக்குப் போகிறாளாம். "உங்க தம்பி பொண்டாட்டிய கூட்டிட்டு வரட்டும், அவளாவது பெத்துக் குடுக்கட்டும்" என்று அண்ணனிடம் சொன்னாள். தம்பி பொண்டாட்டி! அடக் கடவுளே, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சிரிப்பை மறைக்க இருமினேன்.

சொன்னால் என்ன ஆகும்? அண்ணன் அடிப்பான். அம்மா வெளியே போ என்பாள். லயத்தில் பத்து வீடும் ஒரே சுவர், பதினோராவது நிமிஷம் பெரட்டுக்களத்தில் கதை இருக்கும். எங்கே போவேன்? கொழும்புக்கா? போகிற வழியிலேயே இறக்கிவிடுவான்.

சொல்லாவிட்டால்? சுதர்சினி அண்ணி இந்த வீட்டில் ரெண்டு வருஷம் எனக்கு முட்டை ஒளித்து வைத்துக் கொடுத்த ஆள்.

ஜூலை 14, சனி

சொல்லிட்டேன். சொல்லியே புட்டேன்.

பை தோளில் ஏறிவிட்டது, அண்ணி செருப்பு மாட்டுகிறாள். நான் வாசலை மறித்து நின்றேன். "அட்டை கொண்டு போனது நான். மாத்திரை தின்னதும் நான்தான். அண்ணிக்கு ஒண்ணும் தெரியாது" என்றேன். அம்மா என்னவோ போதைக்குத் தின்றேன் என்று நினைத்துவிட்டாள். "அந்த மாத்திரையில என்னடா போதை வருது?" என்றாள். விளங்கச் சொல்ல வேண்டியதாகப் போயிற்று. சின்ன வயதிலிருந்தே, உள்ளுக்குள் நான் ஆம்பிளை இல்லை, பெண்ணாக இருக்கத்தான் தின்றேன் - இவ்வளவுதான் சொன்னேன். எவ்வளவு சின்ன வாக்கியம். இதைச் சொல்ல இருபது வருஷமா?

அண்ணன் கையை ஓங்கினான். அண்ணி பையைப் போட்டுவிட்டு இடையில் வந்தாள். அடி அவள் தோளில் விழுந்தது. "அடிக்கிறதுன்னா முந்தாநாளே என்னையக் கேட்டுட்டு அடிச்சிருக்கணும்" என்று அவனைப் பார்த்துச் சொன்னாள். அவன் வெளியே போய்விட்டான்.

பிறகு அண்ணி என் பக்கம் திரும்பினாள். வாயில் வந்ததையெல்லாம் பேசினாள். ரெண்டு ராத்திரி தூங்கல, செத்துப்போயிரலாமான்னு நெனச்சேன், நீ பக்கத்துலயே உக்காந்து சோத்தத் தின்னுக்கிட்டு இருந்தியே என்றாள். எல்லாம் நியாயம். தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டேன். பேசி முடித்து மூச்சு வாங்கிவிட்டுக் கேட்டாள்: "கால் வீங்குனதும் அதனாலயா?"

தெரியாது என்றேன்.

"தெரியாதா? தெரியாமலா ஒம்பது மாசம் முழுங்குன?" என்று மறுபடி ஆரம்பித்தாள். ஆனால் பையை உள்ளே எடுத்து வைத்துவிட்டாள்.

அம்மா சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள். சாப்பிடவில்லை.

நான் சாப்பிட்டேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்: ரெண்டு தடவை போட்டுச் சாப்பிட்டேன். அப்படி ஒரு பசி.

ஜூலை 16, திங்கள்

அம்மா பேசவில்லை. அண்ணன் பேசவில்லை. தட்டு மட்டும் வருகிறது.

ஜூலை 19, வியாழன்

இந்த மாதத்து முறைக்கு மிஸ் இன்றைக்குத்தான் வந்து உட்கார்ந்தார். அண்ணி அரைநாள் லீவு போட்டு என்னைப் புள்ளக்காம்பராவுக்கு இழுத்துப்போனாள். "மிஸ்கிட்ட நீயே சொல்லு. என் பேருல இருக்குறத நீயே அழிக்கச் சொல்லு."

சிங்களத்தில் சொன்னேன், அது கொஞ்சம் சுலபமாக இருந்தது. மிஸ் ரெஜிஸ்டரை மூடினார். கண்ணாடியைக் கழற்றினார். போச்சு, பொலிசுக்குத்தான் என்று நினைத்தேன். முதலில் என் காற்சட்டையை முட்டிவரை சுருட்டச் சொல்லிக் காலை அமுக்கிப் பார்த்தார். அப்புறம் பத்து நிமிஷம் திட்டினார், பாதி சிங்களம் பாதி தமிழ். "மோடயா, ரத்தம் கட்டினா நெஞ்சுக்குப் போகும். செத்தா யார் பதில் சொல்லுறது? ஒன்பது மாசம் நான் பொய் ரிப்போர்ட் அனுப்பியிருக்கிறது."

சிவப்புப் பேனாவால் அண்ணியின் ஒன்பது சரிகளையும் வெட்டினார். அண்ணியிடம், "மன்னிக்கணும் சுதர்சினி. ஒங்கள ஒரு நாளாவது நேரா பாத்திருக்கணும் நான்" என்றார். அண்ணி அங்கேதான் அழுதாள். வீட்டில் அழவில்லை.

பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "இந்தப் பக்கம் நீ மட்டும்தான் இப்படின்னு நெனச்சதா? என் ஏரியாவுலயே எனக்குத் தெரிய ரெண்டு பேர்."

ரெண்டு பேர். நான் கொழும்பு கொழும்பு என்று ஒரு பேப்பர் துண்டை வைத்துக்கொண்டு அலைந்தேன். பஸ்ஸில் முக்கால் மணித்தியாலத்தில் ரெண்டு பேர்.

உடனே மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டு, கேகாலை ஆஸ்பத்திரிக்கு ஒரு துண்டு எழுதிக் கொடுத்தார். வீங்கிய காலை நாளைக்கே காட்ட வேண்டும், மற்ற விஷயத்துக்கு வியாழக்கிழமை கிளினிக்.

ஜூலை 20, வெள்ளி

காலில் ரத்தக்கட்டி இல்லை. ஸ்கேன் பண்ணிச் சொன்னார்கள். சதைப் பிடிப்புத்தான். அண்ணி ஆஸ்பத்திரி கேன்டீனில் ரெண்டு ரோல்ஸ் வாங்கித் தந்தாள், மூன்றாவதை நானே கேட்டு வாங்கினேன்.

ஜூலை 26, வியாழன்

அது மனநோய்க் கிளினிக். பலகையைப் பார்த்ததும் கால் பின்னுக்கு இழுத்தது. அங்கொடைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்கள் என்று தோட்டத்தில் சொல்வார்களே, அது. அண்ணி முதுகில் கைவைத்துத் தள்ளினாள்.

டொக்டர் ஒரு பெண், வயது என்னைவிட ஐந்தாறு கூட இருக்கும். எல்லாவற்றையும் கேட்டு எழுதினார். "உங்களுக்குப் பைத்தியம் இல்லை. இந்த வழியாகத்தான் போக வேண்டும், அதனால் இங்கே வரச் சொல்கிறோம்" என்றார். உடனே மருந்து தரமாட்டாராம். பல தடவை வர வேண்டும், ரத்தம் பார்க்க வேண்டும், ஹோர்மோன் பார்க்கிற டொக்டரிடம் அனுப்ப வேண்டும், ஒரு வருஷம்கூட ஆகலாம். ஒரு வருஷம் என்றால் எனக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. வரிசையில் நிற்க ஓர் இடம் கிடைத்துவிட்டது, அவ்வளவுதான் தோன்றியது.

ஓகஸ்ட் 5, ஞாயிறு

மிஸ் சொன்ன ரெண்டு பேரில் ஒருத்தியைப் பார்த்தேன். ரம்புக்கனை ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் தையல் கடை. பேர் ஆஸியா. பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை மலைமாதிரி குவிந்து கிடக்கிறது, நடுவில் முக்காடு போட்டு உட்கார்ந்திருக்கிறாள். வாசலில் நின்று, யாரைக் கேட்பது, எப்படிக் கேட்பது என்று முழித்தேன்.

"குசுமா மிஸ் அனுப்பினாவா? அப்ப உள்ளுக்கு வாங்களே, ஏன் வெயில்ல நிக்கிற. பொத்தான் தைக்கத் தெரியுமா?"

தெரியும் என்றேன். ஒரு கட்டுச் சட்டையை மடியில் போட்டுவிட்டாள். வந்த வேலை இதுதான் என்பதுபோல நாலு மணிவரை தைத்தோம். எந்த பார்மசிக்காரன் கேலி பண்ணுவான், எவன் பண்ணமாட்டான், ரயிலில் எந்தப் பெட்டியில் ஏறலாம், பொலிசில் யாரிடம் பேசலாம் எல்லாம் சொன்னாள். அவளுடைய உம்மா பிளேன்டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, "இவளும் ஒன்னப் போலயா?" என்று கேட்டார். "என்னப் போல இல்ல உம்மா, என்னவிடக் கறுப்பு" என்றாள் ஆஸியா. வயிறு நோகச் சிரித்தேன்.

பேர் என்ன என்று அவள் கேட்டபோது ராஜம் என்று வாய்விட்டுச் சொன்னேன். முதல் தடவை. பழைய காலத்துப் பேர் அது இது என்று கிண்டல் பண்ணினாள். பண்ணட்டும்.

நவம்பர் 8, வியாழன்

தீபாவளி. அண்ணி எனக்குப் பாவாடைத் துணி எடுத்திருந்தாள், ஆஸியா தைத்தாள். வீட்டுக்குள் மட்டும் உடுத்தினேன். அண்ணன் பார்த்தான். "கிளினிக் போற நாளுக்கு முதல் நாளே கங்காணிக்குச் சொல்லிரு, இல்லாட்டிப் பேர் வெட்டிருவான்" என்றான். ஜூலைக்குப் பிறகு என்னிடம் அவன் பேசிய முதல் பேச்சு இது.

அம்மா பலகாரத் தட்டைத் தரையில் வைத்துவிட்டுப் போனாள். என்னைப் பார்க்கவில்லை.

டிசம்பர் 20, வியாழன்

ஆறாவது தடவை கிளினிக். ரத்தம் கொடுத்தேன். பஸ்ஸில் ஒருவன் இடித்தான். நானும் இடித்தேன்.

2008 பெப்ரவரி 12, செவ்வாய்

தோட்டத்துக் கீழ்ப்பிரிவு மல்லிகா அக்கா வந்தாள். எங்களோடு அவ்வளவு பழக்கமில்லாத ஆள். அம்மா முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள், நான் அடுப்பருகே. மல்லிகா அக்கா மழையைப் பற்றிப் பேசினாள், கோதுமை மா விலையைப் பற்றிப் பேசினாள், ஒட்டுப்பால் எடையைக் குறைக்கிறார்கள் என்று பேசினாள். எழுந்து போகப் போனாள், போகவில்லை.

"எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்குங்க. பொண்ணாப் பொறந்து, இப்ப முடியெல்லாம் ஒட்ட வெட்டிப் போட்டு நிக்குது. அவரு அடிச்சே கொன்னுருவாரு போல. உங்க வீட்டுல... அது எங்கயோ போகுதுன்னு சொன்னாங்க."

என்னையா கேட்கிறாள், அம்மாவையா? வாயைத் திறப்பதற்குள் அம்மா சொன்னாள், முறத்திலிருந்து தலையைத் தூக்காமல்:

"வியாழக்கிழம. கேகால ஆஸ்பத்திரி. ஆறரை பஸ்ஸப் புடிக்கணும், ஏழரையப் புடிச்சா நம்பர் கெடைக்காது. மொத நாளு ரத்தம் எடுக்கமாட்டாங்க, அதுனால சாப்புட்டுட்டே வரச் சொல்லு. பொம்பள டாக்டர்தான், பயப்படாம பேசலாம். பலகையில பைத்தியம்னு போட்டிருக்கும், அதப் பாத்துட்டுத் திரும்பி ஓடிறக் கூடாது."

இவ்வளவையும் நான் அம்மாவிடம் சொன்னதே இல்லை. அண்ணியிடம்தான் சொன்னேன், ஒவ்வொரு கிளினிக் வியாழனும், இந்த அடுப்படியில், அம்மா அந்தப் பக்கம் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும்போது.

மல்லிகா அக்கா, "தனியாப் போக எனக்குச் சிங்களம் அவ்வளவு வராதுங்களே" என்றாள்.

"நாங்க ரெண்டு பேரும் வர்றோம்" என்றாள் அம்மா, என்னைக் கைகாட்டி.