படிவத்தில் இல்லாத கேள்வி

20 மே 2009, புதன்

இன்று எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஞாபகமறதிச் சோதனைக்கு வந்தவர் இந்த நாட்டின் பூர்வகுடிப் பெண் ஒருவர். எழுபது வயது. திகதி கேட்டேன். மணிக்கூடு வரையச் சொன்னேன். கைகளை மேசைக்குக் கீழே ஒளித்துக்கொண்டார்.

"சின்னனில அரசாங்கம் எங்களைப் பிடிச்சுக்கொண்டு போய் அடைச்ச பள்ளிக்கூடத்திலயும் இப்பிடித்தான். பிழையெண்டால் கையில அடிச்சவை." ஆங்கிலத்தில்தான் சொன்னார், எனக்கு இப்படித்தான் கேட்டது.

நாசமாய்ப்போன படிவத்தில் அதை எழுத இடமில்லை. பதில் இல்லையென்றால் பூச்சியம். பூச்சியம் என்றால் இனி அவரைத் தனியே வீட்டில் இருக்க விடமாட்டார்கள்.

"அக்கா, கேட்டதை மட்டும் நிரப்புங்கோ, டொக்டர் காத்துக்கொண்டிருக்கிறார்" என்றாள் கூட வேலை செய்யும் தர்ஷினி. நிரப்பிக் கையெழுத்து வைத்தேன். வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

வெளிக்கிடும்போது அந்த அம்மா என் கையைப் பிடித்தார். "பிள்ளை, ரவி போன் எடுத்தவனோ?"

வன்னியில் இருந்த என் தம்பியைப் பற்றி, மாசியில் அவர் முதல்முறை வந்தபோது ஒரேயொரு தடவை சொல்லியிருந்தேன்.

சண்டை முடிந்துவிட்டது என்ற செய்தி வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் ஒருவரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. நானும்தான்.

அதை ஞாபகம் வைத்துக் கேட்ட ஒரே ஆளுக்குத்தான் மறதி என்று கையெழுத்து வைத்துக் கொடுத்திருக்கிறேன்.