கரையில் கத்திக்கொண்டு நின்றவள்

அன்புள்ள மாலினுக்கு,

ஹோக்கன் எழுதுவது. நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நார்வேக்காரர்கள் அந்த முதியோர் இல்ல வேலையில் உன்னை ரொம்பவும் ஓடவிடவில்லையே? இங்கே வீடு நிற்கிறது. கூரைப் பனியைத் தள்ளிவிட்டேன். பூனை பக்கத்து வீட்டில் ஒருமுறை சாப்பிட்டுவிட்டு வந்து, இங்கே பட்டினி கிடந்ததுபோல் நாடகம் ஆடுகிறது.

கடிதமா என்று நீ சிரிப்பாய். ஞாயிற்றுக்கிழமைதானே போனில் பேசினோம், அப்போதே சொல்லியிருக்கலாமே என்பாய். சொன்னேன். சொன்னது பொய். உன் குரலைக் கேட்டுக்கொண்டே அதைத் திருத்துகிற துணிச்சல் எனக்கு இல்லை.

உறைந்த ஏரியின் பனி உடைந்து உள்ளே விழுந்தேன், கழுத்தில் கயிற்றோடு மாட்டியிருந்த கைப்பிடி ஆணிகளைப் பனியில் குத்தி நானே ஏறி வந்தேன், ரூனாவும் அவள் சிநேகிதி டீராவும் பாவம், கரையில் கத்திக்கொண்டு நின்றார்கள் என்றுதானே சொன்னேன்? அதில் விழுந்தது மட்டும்தான் உண்மை.

முதலில் பள்ளிப் பயிற்சியைப் பற்றிச் சொல்லவேண்டும். வருஷா வருஷம் பனியில் ஓட்டை வெட்டி, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை உடுப்போடு குதிக்கவைத்து, ஆணிகளைக் குத்தி ஏறிவரப் பழக்குவது நான்தானே. இந்த வருஷம் ரூனாவின் வகுப்பு. எல்லாரும் குதித்தார்கள். நம் பெண்ணும் டீராவும் மட்டும் ஒதுங்கி நின்றுவிட்டார்கள். ரூனா முகம் வெளுத்துப்போய் என் பக்கத்தில் வந்து, "அப்பா, என்னால முடியல, கட்டாயப்படுத்தாதே" என்று காதோடு சொன்னாள். காதோடு சொன்னதற்கு நான் ஏரி முழுக்கக் கேட்கும்படி பதில் சொன்னேன். "இது என் பொண்ணுதானான்னு ஆஸ்பத்திரியில போய் விசாரிக்கணும்போல இருக்கே!" பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், குல்லாவைக் கண்வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு.

அந்தச் சிவப்புக் கைப்பிடி ஆணிகளை அவள் குளிர்காலம் முழுக்கக் கழற்றுவதே இல்லை, உனக்குத் தெரியும். பள்ளிப் பேருந்தில்கூட மாட்டிக்கொண்டுதான் போவாள். பையன்கள் அதற்கு மாட்டுமணி என்று பெயர் வைத்தார்கள். வீட்டில் நானும் அப்படியே கூப்பிட்டேன். "மணி கட்டியாச்சா?" என்று கேட்டு நானே ரசித்துச் சிரித்துக்கொள்வேன்.

சனிக்கிழமை நல்ல வெயில். மீன் பிடிக்கப் போனேன். பெண்கள் இருவரும் கரையில் நெருப்பு மூட்டிக் சாசேஜ்களைச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். என்னுடைய ஆணிகள் வீட்டில், வாசலோரக் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தன. ஆமாம், ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறவனுடையவை. அதெல்லாம் பள்ளிப் பிள்ளைகளுக்கும் புதிதாகக் குடிவந்தவர்களுக்கும்தான் என்று எங்கள் ஆட்களுக்கு ஒரு நினைப்பு. அது எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. ஓடை வந்து ஏரியில் சேருகிற இடத்தில் மீன் நன்றாகக் கடிக்கும். மார்ச்சில் அங்கே பனி மெலிந்திருக்கும் என்று பிள்ளைகளிடம் சொல்லுவதும் நான்தான். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று போனேன்.

விழுந்தால் வந்த பக்கமே திரும்பு, உன்னைத் தாங்கிய பனி இன்னொரு தடவையும் தாங்கும். இதுதான் என் முதல் பாடம். நான் என்ன செய்தேன் தெரியுமா? முன்பக்கமாகவே முட்டினேன். பிடித்த விளிம்பெல்லாம் காய்ந்த ரொட்டிபோல ஒடிந்து கையோடு வந்தது. மாலின், நான் அழுதேன். உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன் என்று டீரா சொல்கிறாள். எனக்கு நினைவில்லை.

அப்போதுதான் ரூனாவின் குரல் கேட்டது. அது அலறல் இல்லை. "அப்பா! திரும்பு! வந்த பக்கம் திரும்பு! நீதானே சொல்லித் தந்தே!" தலையைத் திருப்பினேன். குப்புறப் படுத்து, காலால் உந்தும் சறுக்குவண்டியை முன்னால் தள்ளிக்கொண்டு பனிமேல் ஊர்ந்து வந்துகொண்டிருந்தாள். பின்னால் டீராவும் படுத்தபடி அவள் பூட்ஸைப் பிடித்திருந்தாள். வராதே, போ என்று கத்தினேன். "நீ பேசாதே, மூச்சை விடு!" என்றாள். கழுத்திலிருந்த ஆணிகளைக் கழற்றி என் பக்கம் சறுக்கிவிட்டாள். "பிடி. குத்து. காலை உதை, அப்பா, உதை!"

குத்தினேன், உதைத்தேன். நெஞ்சு மேலே வந்ததும் வண்டியின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். இருவரும் இழுத்தார்கள். வெளியே வந்ததும் நான் எழுந்து நிற்கப் பார்த்தேன்! "உருளு! எழுந்திரிக்காதே!" என்று அதற்கும் திட்டு வாங்கினேன்.

கரையில் என் ஈர உடுப்பைக் கழற்றித் தங்கள் மேலங்கிகளைப் போர்த்திவிட்டார்கள். டீரா உதவிக்குப் போன் போட்டாள். ரூனாவின் பற்கள் தந்தியடித்தன. "எனக்கு இன்னும் பயம் போகலடி" என்றாள். "எனக்கும்தான்டி" என்றாள் டீரா. இரண்டும் ஒன்றை ஒன்று பார்த்துச் சிரித்தன. அந்தச் சிரிப்பில் நான் இல்லை.

மறுநாள் காலையில் கடையில் காப்பி குடிக்கிற கூட்டம் காத்திருந்தது. "என்ன வாத்தியாரே, உங்களையே ஏரி முழுங்கப் பாத்துச்சாமே?" என்று லெய்ஃப் ஆரம்பித்தான். எல்லாரும் சிரித்தார்கள். முகம் சூடாகிவிட்டது, வாய் தானாகப் பேசியது. "நானே ஏறிட்டேன்யா. புள்ளைங்க கரையில நின்னு கத்துதுங்க, அதுங்களைச் சமாதானப்படுத்தறதுதான் பெரிய வேலையாப் போச்சு." சொல்லி முடித்துத் திரும்பினால், பால் பெட்டியோடு ரூனா நிற்கிறாள். "பால் எடுத்துட்டேன், அப்பா" என்றாள். வழியெல்லாம் கணக்குப் பரீட்சையைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தாள். என்மேல் அவள் கத்தியிருக்கலாம். அன்று மாலை அதே பொய்யை உன்னிடமும் சொன்னேன். அவள் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள், பென்சில்கூட நிற்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் என் மேலங்கியின் கழுத்தில் அந்தச் சிவப்பு ஆணிகள் தொங்கின. எடுத்துக்கொண்டு போய், "இது உன்னோடதாச்சே, என்னோடது கொக்கியில இருக்கு" என்றேன். "உன்னோடதை நீ போடமாட்டே. என்னோடதுன்னா தொலைச்சிடக் கூடாதேன்னு போடுவே" என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. இப்போது அவள் கழுத்து வெறுமையாக இருக்கிறது.

குதிக்காதவர்களுக்கு வெள்ளிக்கிழமை இன்னொரு வாய்ப்பு, நீங்கள்தான் வரவேண்டும் என்று ஆசிரியை போன் செய்தாள். ரூனா வருவதாகச் சொல்லியிருக்கிறாள். குதிப்பாளோ மாட்டாளோ, அது அவள் இஷ்டம். யாரும் குதிப்பதற்கு முன்னால் நடந்ததை அந்தப் பிள்ளைகளிடம் சொல்லப்போகிறேன். அதற்கு முன் லெய்ஃபும் மற்றவர்களும் கூடுகிற அந்தக் கடைக்குப் போய் இதைச் சொல்லவேண்டும். குளியலறையில் தனியாகச் சொல்லிப் பார்த்தேன், கரையில் என்று வந்ததும் பழைய பொய்யே வாயில் வருகிறது. அதனால்தான் முதலில் உனக்கு எழுதிப் பார்க்கிறேன்.

உன்னிடம் ஒரே ஒரு வேண்டுகோள். இதைப் படித்ததும் போன் செய்வாய். என்னைத் திட்டுவதற்கு நிறைய நாள் இருக்கிறது, முதலில் அவளைக் கூப்பிட்டு என்ன நடந்தது என்று கேள். நேற்று உன் தங்கை கேட்டபோது என்ன சொன்னாள் தெரியுமா? "ஒண்ணுமில்ல சித்தி. அப்பாவே ஏறி வந்துட்டாரு. நாங்க கரையிலதான் நின்னோம்." உன்னிடமும் அதையேதான் சொல்லுவாள்.

நம்பிவிடாதே, மாலின்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்,
ஹோக்கன்