‘இடையூறு’ என்று மட்டும் சொன்னேன்

அன்புள்ள சுகி,

மன்னித்துக்கொள், இந்த அகால வேளையில் எழுத உட்கார்ந்திருக்கிறேன். ராத்திரி நேரத்தில் போன் அடித்தாலே "யாருக்கு என்னடி ஆச்சு?" என்றுதான் நீ எடுப்பாய். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருக்கக்கூடியதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். சின்னவன் இப்போதுதான் கண்ணயர்ந்தான். தொட்டிலில் இல்லை, என் பக்கத்தில் பாயில்.

சின்னவனை உனக்குத் தெரியாதே. நீ காய்ச்சலில் படுத்திருந்தபோது அவன் என் வயிற்றில் இருந்தான். உன்னிடம் சொல்ல வேண்டும் என்று மன்னார்புரம் ஆஸ்பத்திரி வரை வந்தேன். நீ கண்ணைத் திறக்கவில்லை. மாறன் என்று பெயர் வைத்திருக்கிறோம். இனியா ஸ்கூலுக்குப் போகிறாள். வெளியூர் பஸ்ஸெல்லாம் பஞ்சப்பூர் புது பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டன. அத்தை இன்னும் அதைத் திட்டிக்கொண்டிருக்கிறார். ஆபீஸில் உன் மேசையில் இப்போது ஒரு பிரிண்டர் இருக்கிறது. உன் இடத்துக்கு ஆள் போடவில்லை.

ஆள் போடாததில்தான் எல்லாம் ஆரம்பம். இல்லை, அது பொய். என்னிடம்தான் ஆரம்பம்.

நாம் செய்யும் பொருள் உனக்குத் தெரியும். இதைப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். துவாக்குடியில் ஒரு சின்னக் கம்பெனி. விட்டத்து வளையத்தில் மாட்டும் தொட்டில் ஸ்பிரிங் செய்கிறோம். ஸ்பிரிங்கின் கீழ்நுனியில் ஒரு கொக்கி, கொக்கியில் வளையம் வைத்த இரும்புக் கட்டை, கட்டையில் சேலை, சேலைக்குள் குழந்தை. நான் வரைவேன். சுகி சோதிப்பாள். இரண்டு பேரும் ஒரே காலேஜ், ஒரே பெஞ்ச்.

புது மாடல் ஒன்று வேண்டும் என்றார் முதலாளி. பழைய கொக்கியின் வாய் மூடியிருக்கும். மரையைத் திருகித்தான் கழற்ற வேண்டும். சேலை நனைந்துவிட்டால் நடுராத்திரியில் ஒரு கையில் பிள்ளையை வைத்துக்கொண்டு மறுகையால் எப்படித் திருகுவது? இரண்டு பிள்ளை பெற்றவள் நான், எனக்குத் தெரியாதா? அதனால் கொக்கியைத் திறந்தே விட்டேன். ஆழமாக, வழுவழுப்பாக, எங்கே தடவினாலும் விரலைக் கீறாதபடி. ஒற்றைக் கையால் மாட்டலாம், கழற்றலாம். சுகி, நான் வரைந்ததிலேயே அழகான பொருள் அதுதான். மாதிரி வந்த அன்று அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டு ஸ்ரீரங்கம் வரை தடவிக்கொண்டே வந்தேன்.

சோதனையும் செய்தோம். எந்தக் குழந்தைக்கும் இல்லாத எடையில் மணல் மூட்டையைக் கட்டித் தொங்கவிட்டோம். நாள் கணக்கில் தொங்கியது. ஆட்டினோம். கொக்கி அசையவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள்.

அதன் பிறகு அந்தக் கூட்டம். எந்தப் புது மாடலுக்கும் நாம் நடத்துவோமே, எது எது கெட்டுப்போகலாம், கெட்டால் எவ்வளவு மோசம் என்று ஒவ்வொன்றாய்ச் சொல்லி மதிப்பெண் போடும் கூட்டம். நீ இருந்தவரை நீதான் முதலில் வாயைத் திறப்பாய். "இது எப்படிக் கொல்லும்னு மொதல்ல பாத்துருவோம் சார். பெயிண்ட் உரியறதெல்லாம் டீ குடிச்சிட்டுப் பேசிக்கலாம்." நம் ஆபீஸ் உமாக்கா காதைப் பொத்திக்கொள்வார். உனக்குக் கரிநாக்கு என்று பெயர் வைத்தவரே அவர்தானே. நீயும் நாக்கை நீட்டிக் காட்டுவாய்.

இனியா வயிற்றில் இருந்த மாதங்களில் நீ பேச ஆரம்பித்ததும் நான் தண்ணீர் குடிக்க எழுந்து போவேன். அத்தை சொல்லியிருந்தார், அந்த மாதிரிப் பேச்சு காதில் விழக்கூடாது என்று. நான் இஞ்சினியரிங் படித்தவள். ஆனாலும் எழுந்து போனேன். நீ ஒரு நாள் வாசலில் மறித்து, "நீ காதை மூடிக்கிட்டா ஸ்பிரிங்குக்குத் தெரியுமாடி?" என்றாய். நான் சிரித்து மழுப்பினேன். உனக்கு வலித்ததா? கேட்டதே இல்லை.

புது மாடல் கூட்டம் ஒரு வெள்ளிக்கிழமை. மாதிரிக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நறுக்கி, தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி முடித்த கையோடு உட்கார்ந்தோம். தொட்டில் ஆயிற்றே, வழக்கத்தைவிடப் பூ அதிகம். துரு பிடிக்கலாம் என்றார் ஒருவர். அட்டைப்பெட்டி நசுங்கலாம் என்றார் இன்னொருவர். என் முறை வந்தது.

எனக்குத் தோன்றியிருந்தது, சுகி. அதுதான் என்னைத் தின்கிறது. தெரியாமல் விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. இனியா எதைப் பார்த்தாலும் பிடித்துக் கீழே இழுத்து, சட்டென்று விடுகிறவள். ஸ்பிரிங்கை இழுத்து விட்டால் அது மேலே எகிறும். எகிறினால் வளையம் கொக்கியை விட்டு மேலே எழும்பும். திறந்த வாய் வழியாக வெளியே வந்துவிடும். கண்முன்னால் படம் போல ஓடியது. படத்தில் சேலைக்குள் மாறன் இருந்தான். அந்த இடத்தில் என் வாய் ஒட்டிக்கொண்டது.

"சின்னப் பிள்ளைங்க இழுத்தா... கொஞ்சம்..." என்றேன்.

"கொஞ்சம் என்னம்மா?" என்றார் முதலாளி.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா தொட்டிலை வச்சுக்கிட்டு என்ன பேச்சு" என்று உமாக்கா முணுமுணுத்தார். "நல்ல வார்த்தையா ஒண்ணு போடும்மா, வித்யா."

"இடையூறு வரலாம் சார்" என்றேன்.

இடையூறு என்று எழுதினார்கள். இடையூறுக்கு என்ன மதிப்பெண் போடுவார்கள்? துருவுக்குப் போட்டதைவிடக் குறைவாகத்தான் போட்டார்கள். குறைந்த மதிப்பெண் வாங்கியதற்கு யாரும் டிசைனை மாற்றுவதில்லை. அன்று மணல் மூட்டையைக் கீழே இழுத்து விட்டுப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. மணல் மூட்டைக்கு அக்கா கிடையாது. தோன்றிய ஒருத்தி தேங்காய் மூடியைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

முதல் லாட் கடைகளுக்குப் போயிற்று. எனக்கும் ஒன்று கொடுத்தார்கள். வீட்டில் மாட்டினேன். பார், மாட்டினேன்!

ஞாயிற்றுக்கிழமை காலை. அத்தை கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்து மாறனுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் வெந்நீர் விளாவிக்கொண்டிருந்தேன். "தம்பி இல்லாதப்ப தொட்டில் பறக்குது பாரு பாட்டி" என்ற இனியாவின் குரல் கேட்டது. அடுத்து இரும்பு தரையில் விழும் சத்தம். ஓடி வந்தேன். கட்டை சேலையோடு தரையில் கிடந்தது. ஒரு டைல்ஸ் கீறிப் போயிருந்தது. மேலே ஸ்பிரிங் மட்டும் துள்ளிக்கொண்டிருந்தது. கொக்கி உடையவில்லை, நெளியவில்லை. நான் வரைந்த அதே வளைவு, அதே பளபளப்பு.

நான் முதலில் என்ன செய்தேன் தெரியுமா? இனியா முதுகில் ஒன்று வைத்தேன். "அதை ஏன்டி இழுத்தே? அறிவில்ல?" அவள் மூச்சு முட்ட அழுதாள்.

நீ சொல்வாய், தப்பாய்ப் பயன்படுத்துவதும் பயன்பாடுதான் என்று. மிக்ஸியில் கை விட்டவனைத் திட்டும் கம்பெனிக்காரர்களை நாம் இரண்டு பேரும் எவ்வளவு கேலி செய்திருப்போம். அந்தக் கம்பெனிக்காரி நான்தான், சுகி. என் முதல் வாடிக்கையாளரைக் கை நீட்டி அடித்தேன்.

அத்தை, "ரங்கா, ரங்கா" என்றபடி மாறனை அணைத்துக்கொண்டார். "கண்ணு பட்டிருக்கு. உப்பு மிளகா எடுத்துட்டு வா" என்றார். எடுத்துக்கொண்டு வந்தேன். இரண்டு பிள்ளைகளையும் உட்காரவைத்து அவர் சுற்றினார். நான் தட்டை ஏந்திக்கொண்டு நின்றேன். யார் கண்ணும் படவில்லை அத்தை, நான் வரைந்த கொக்கி என்று சொல்லலாமே? சொல்லவில்லை. பழி ஊரார் கண்ணுக்குப் போனது எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. ஒரு நிமிஷம்தான். அந்த ஒரு நிமிஷத்தை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

மறுநாள் காலை முதலாளி அறைக்குள் நேராகப் போனேன். உமாக்கா டீ வைத்துக்கொண்டிருந்தார்.

"சார், புது மாடல்ல குழந்தை கீழ விழும்."

"என்னம்மா காலங்காத்தால..."

"விழும் சார். தலை தரையில அடிக்கும். செத்தும் போகலாம். நேத்து எங்க வீட்ல கட்டை கழண்டு விழுந்துச்சு. பிள்ளை உள்ள இல்ல, அவ்வளவுதான்."

உமாக்கா டம்ளரை வைத்துவிட்டு வெளியே போகவில்லை, அங்கேயே நின்றார். முதலாளி என்னையே பார்த்தார்.

"அன்னிக்கு இடையூறுன்னுல்ல சொன்னே?"

"ஆமா சார்."

"இடையூறுன்னா கிரீச்சு கிரீச்சுனு சத்தம் வரும்போலனு நெனச்சேன்மா நான்."

இதைவிட என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம். அவர் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே புரிந்தது அப்படித்தான்.

உடனே போனை எடுத்து மகளைக் கூப்பிட்டார். பேரனுக்கு முதல் லாட்டிலிருந்து ஒன்று கொடுத்து அனுப்பியிருந்தாராம். ஸ்பீக்கரில் போட்டிருந்தார்; எல்லாம் கேட்டது.

"அம்மாடி, அந்தத் தொட்டில் கொக்கியைக் கழட்டி வச்சிரு."

"ஏம்ப்பா?"

"ஒண்ணுமில்ல, சும்மா ஒரு செக்கிங்."

"இப்பத்தாம்ப்பா தூங்கறான். எந்திரிச்சதும் கழட்டறேன். பெரியவன்தான் ஆட்டிக்கிட்டிருக்கான்."

அவர் வாய் திறந்தது, மூடியது. எனக்கு அந்த வாயைத் தெரியும். அந்த வெள்ளிக்கிழமை என் முகத்தில் இருந்த அதே வாய்.

"விழுந்துரும்டீ!" என்று கத்தினார். "பிள்ளை விழுந்துரும்! தூக்குடி மொதல்ல!"

அந்தப் பக்கம் ஓடும் சத்தம். பிறகு குழந்தையின் அழுகை, தூக்கம் கலைந்த அழுகை. "தூக்கிட்டேன்பா" என்றாள். அவர் நாற்காலியில் சாய்ந்தார். உமாக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கடைக்கெல்லாம் நான் போன் போடறேன் சார்" என்றார்.

அன்று மாலைக்குள் விற்காத ஸ்பிரிங்குகள் எல்லாம் திரும்பி வந்துவிட்டன. மூடி போட்ட கொக்கி வரைந்திருக்கிறேன். கட்டைவிரலால் அழுத்தினால் திறக்கும், விட்டால் தானே மூடிக்கொள்ளும். ஒற்றைக் கையும் போதும், எகிறினாலும் வளையம் வெளியே வராது. இரண்டும் சேர்ந்தே நடக்கும், சுகி. இதை அன்றைக்கே வரைந்திருக்கலாம். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லியிருந்தால் போதும்.

இனியாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "தப்பு உன்னோடது இல்லடா, அம்மாவோடது" என்றேன். அவள், "அப்ப உன் முதுகுல யாரு அடிப்பாங்க?" என்றாள். யார் அடிப்பார்கள், சுகி? நீ இருந்திருந்தால் அடித்திருப்பாய். அதன் பிறகு டீ வாங்கிக் கொடுத்திருப்பாய்.

முடியவில்லை இன்னும். விற்றுப்போனவை இருக்கின்றன. பெரிய கடைவீதிக் கடைக்காரர், "பில்லு கேட்டாத்தானம்மா போடுவோம். வையம்பட்டிக்காரம்மா ஒண்ணு வாங்கிட்டுப் போச்சு, பேத்திக்குன்னு. மத்தது யாரு கண்டா" என்றார். நானும் அந்தக் கடைக்காரரும் வையம்பட்டிக்குப் போனோம். டீக்கடையில் விசாரித்தோம், மருந்துக்கடையில் விசாரித்தோம், மாடு ஓட்டிக்கொண்டு வந்தவரை நிறுத்தி விசாரித்தோம். "பேரு தெரியாம, தெரு தெரியாம, தொட்டில் இருக்கற வீடுன்னா எத்தனையம்மா காட்டறது?" என்று சிரித்தார்கள். தூரத்தில் ஏதோ வீட்டில் குழந்தை அழுதது. அந்த வீட்டையும் போய்ப் பார்த்தோம். பழைய மரத்தொட்டில்.

அதனால்தான் உனக்கு எழுதுவதை எல்லோரும் படிக்கும் இடத்துக்கு அனுப்புகிறேன். முதலாளியிடம் சொல்லிவிட்டேன். "என் மானம் போகுதும்மா" என்றார். பிறகு, "எழுதும்மா" என்றார். மானம் போவதில் எனக்குத்தான் முதல் பங்கு.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இனி எந்தக் கூட்டத்திலும், வெள்ளியானாலும் அமாவாசையானாலும், நடக்கக்கூடாததை அதன் சொந்தப் பெயரில் முதலில் நான் சொல்வேன். சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போகமாட்டேன்.

இப்போது இதைப் படித்துக்கொண்டிருக்கும் உங்களிடம். உங்கள் வீட்டில், அக்கம்பக்கத்தில், பிள்ளை பெற்ற உறவுக்காரர் வீட்டில் தொட்டில் தொங்கினால் ஸ்பிரிங்கின் கீழே பாருங்கள். கொக்கியின் வாய் திறந்திருந்தால் முதலில் குழந்தையைத் தூக்கிக்கொள்ளுங்கள், பிறகு தொட்டிலைக் கழற்றுங்கள். யார் செய்த கொக்கியாக இருந்தாலும் சரி. அது எங்களுடையதாக இருந்தால் இந்தப் பத்திரிகைக்கே ஒரு வரி போடுங்கள். வேறு கொக்கியோடு நானே வருகிறேன். தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
நீ சித்தியாக இருக்கும் இரண்டு பிள்ளைகளின் அம்மா,
வித்யா
ஸ்ரீரங்கம்