சாரல்மீது போட்ட பழி

வண்டியை இன்று விற்றுவிட்டேன். வாங்க வந்தவர் கூட்டிவந்த மெக்கானிக் பானெட்டைத் திறந்ததும் சிரித்துவிட்டான். எஞ்சினில் பொறியைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்கு நீங்கள் கட்டிவைத்த மெழுகுத்துணியைச் சுற்றுச் சுற்றாக அவிழ்த்து முற்றத்தில் போட்டான். பழைய எஞ்சின் எண்ணெய் நாற்றம் அடுக்களை வரைக்கும் வந்தது. "யாரும்மா இதுக்குத் தலைப்பா கட்டுனது?" என்று கேட்டான். என் வீட்டுக்காரர் என்றேன். அவர் காலமாகி ஒரு வருஷம் என்று தெரிந்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டான். நான் அடக்கவில்லை.

உயிரோடு இருந்தவரை உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லாததை இப்போது எழுதுகிறேன். கடிதம் எழுதுவது எனக்குப் புதிதில்லை. உங்கள் கடிதங்களை எல்லாம் எழுதியது நான்தானே. சேர்ந்தாற்போல் இரண்டு வரி எழுத உங்களுக்கு வராது. நான் எழுதி நீட்டுவேன். நீங்கள் படித்தும் பாராமல் கீழே வால் நீண்ட ஒரு கையெழுத்தை இழுப்பீர்கள். அதை மட்டும் நன்றாகப் பழகியிருந்தீர்கள்.

செங்கோட்டைக்கு மேற்கே எஸ்டேட் வைத்திருந்த துரை ஒருவர், சீமைக்குத் திரும்பும்போது உங்கள் தலையில் கட்டிவிட்டுப் போன கார் அது. வந்தபோதே கிழடு. ஆனால் தென்காசியில் நம் தெருவில் வேறு யாரிடமும் கார் இல்லை. உங்களுக்கு அது போதும். ஸ்டியரிங்கைப் பிடிக்கக் கற்ற மறுவாரமே எஞ்சின் முழுக்க அத்துப்படி என்று பேசத் தொடங்கினீர்கள். டிரைவராக வந்த இசக்கி, நாலு வருஷம் பட்டறையில் கிடந்தவன். அவனுக்கே பாடம் நடத்தினீர்கள்.

அந்த ஆனியில் குற்றாலத்தில் வீடு எடுத்துத் தங்கியிருந்தோம். சாரல் பிடித்த சில நாளில் கார் நடுவழியில் நிற்க ஆரம்பித்தது. சாரல் ஈரம் உள்ளே போய்விட்டது என்றீர்கள். சீசன் காலத்தில் குற்றாலத்தில் எல்லாருமே எதற்கும் சாரலைத்தான் சொல்வார்கள். அப்பளம் நமுத்தால் சாரல், தீக்குச்சி பற்றாவிட்டால் சாரல். இசக்கி மட்டும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றிக் காட்டினான்.

"தண்ணி இல்ல மொதலாளி, எண்ணெயில்லா கெடக்கு. அடியிலேருந்து ஏறுது. எண்ணெய் பட்டா பொறி எப்படி விழும்?"

"ஏலே, எனக்கே சொல்லித் தாரியா? மூடுலே."

பின் சீட்டில் இருந்த எனக்குப் புரிந்தது. உங்களுக்குப் புரியவில்லை.

பிறகு மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டுச் சம்பந்தி திருநெல்வேலியிலிருந்து ரயிலில் வந்தார். அவரைத் தென்காசி ஸ்டேஷனிலிருந்து காரில் அழைத்துவந்து காட்ட வேண்டும் என்று உங்களுக்கு எத்தனை துடிப்பு. மேலகரம் தாண்டியதும் கார் நின்றுவிட்டது. சம்பந்தி மாட்டுவண்டியில் நனைந்துகொண்டு வந்து இறங்கினார். வண்டி நல்ல வண்டிதான், இந்தப் பயல் எண்ணெயைக் கண்டபடி ஊற்றிக் கெடுத்துவிட்டான் என்று அவர் எதிரிலேயே பழியைத் தூக்கி இசக்கிமேல் போட்டு, ரோட்டில் வைத்தே அவனை வேலையை விட்டு நிறுத்தினீர்கள். அதையும் பெருமையாக வந்து என்னிடம் சொன்னீர்கள். அன்று சாயங்காலம்தான் காரை மாடு கட்டி இழுத்துவந்து நிறுத்திவிட்டு, கடைக்குப் போய் மெழுகுத்துணி வாங்கிவந்து சுற்றினீர்கள்.

மறுநாள் காலையில் உடம்பு முழுக்க எண்ணெய் தேய்த்துக்கொண்டு சம்பந்தியோடு மாட்டுவண்டியில் ஐந்தருவிக்குப் போனீர்கள். காக்கிச் சட்டையைத் திருப்பிக் கொடுக்க இசக்கி வந்தான். போவதற்கு முன் ஒருமுறை பார்த்துவிட்டுப் போ என்றேன். அவன் டிஸ்ட்ரிபியூட்டரோடு நிற்கவில்லை. எஞ்சினின் பக்கவாட்டில் ஒரு குழாய்க்குள் விரலை விட்டு, கறுத்துப்போன ஒரு துணியை இழுத்தான்.

"எஞ்சினும் மூச்சு விடணும்லாம்மா. வாயப் பொத்தினா எண்ணெய் வேற எங்கன போவும்? இந்த டிஸ்ட்ரிபியூட்டர் தண்டு வழியாத்தான் மேல ஏறும். இத யாரு அடச்சா?"

எனக்குத் தெரிந்தது. அது உங்கள் பனியன். கழுத்தோரம் நான் போட்ட தையல் அப்படியே இருந்தது. சாரல் எஞ்சினுக்குள் இறங்கிவிடக் கூடாது என்று நீங்களே அடைத்துவிட்டு, மறந்தும் போயிருந்தீர்கள்.

இசக்கி டிஸ்ட்ரிபியூட்டர் இருந்த இடத்தில் கத்தி முனையால் ஒரு கோடு கீறி அடையாளம் வைத்துக்கொண்டு, அதைக் கழற்றினான். உள்ளே இருந்த எண்ணெயைப் பெட்ரோல் விட்டுத் துடைத்தான். அடியில் நைந்துபோன தக்கை வளையத்தை எடுத்துவிட்டு, முன்பே வாங்கிவைத்து அன்று கையோடு கொண்டுவந்திருந்த புதியதைப் போட்டான். கோட்டுக்குக் கோடு சேர்த்து மாட்டினான். உங்களுக்குப் பயந்து மெழுகுத்துணியைக்கூட இருந்தபடியே சுற்றிவைத்தான்.

போகும்போதுதான் வாயைத் திறந்தான். தென்காசியில் ஒரு பஸ் முதலாளி அவனை எடுத்துக்கொள்ளத் தயார். ஆனால் வண்டியைக் கெடுத்தவன் என்ற பேச்சு அவர் காது வரை போய்விட்டது. "தப்பு எம்மேல இல்லன்னு மொதலாளி ஒரு வரி எழுதித் தந்தா போதும்மா. இல்லன்னா இந்தப் பக்கத்துல எவனும் எங்கையில வண்டிய தரமாட்டான்."

எழுதி உங்கள் முன்னால் வைத்தேன். பனியனையும் வைத்தேன். முதல்முறையாக நான் எழுதியதைப் படித்துப் பார்த்தீர்கள்.

"டிரைவர்ப் பயலுக்கு நான் தப்பு பண்ணினேன்னு எழுதிக் குடுக்கணுமோ? பொம்பளைக்கு எஞ்சினப் பத்தி என்னட்டி தெரியும்?"

கிழித்துப் போட்டீர்கள். கார் அன்று நிற்காமல் ஓடியது. மெழுகுத்துணியின் மகிமையை சம்பந்திக்கு விளக்கிக்கொண்டே போனீர்கள்.

அன்றைக்கு உங்கள்மேல் எனக்குக் கோபம்கூட வரவில்லை. இவ்வளவுதானா இந்த மனிதர் என்று இருந்தது. அதே கடிதத்தை மறுபடி எழுதினேன். எஞ்சின் குழாயை அடைத்தது நான், எண்ணெய் ஏறியது அதனால்தான், இசக்கி குற்றமற்றவன் என்று எழுதி, கீழே உங்கள் கையெழுத்தை, வால் உட்பட, நானே போட்டேன். நீங்கள் போட்டுத் தந்ததாகச் சொல்லித்தான் இசக்கியிடம் கொடுத்தேன்.

பத்து நாள் கழித்து அந்த பஸ் முதலாளி நம் வீட்டு வாசலில் வந்து நின்றார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். நான் எழுதவில்லை என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் இசக்கியின் பிழைப்பு போச்சு.

"டிரைவருக்காவத் தன் தப்ப எழுதிக் குடுத்த மனுசன இப்பதான் அண்ணாச்சி பாக்குதேன்" என்றார் அவர்.

நீங்கள் துண்டை உதறித் தோளில் போட்டீர்கள். பிறகு மீசையைத் தடவிக்கொண்டு, "தப்ப ஒத்துக்கிடுததுக்கு என்ன வெக்கம்?" என்றீர்கள்.

உள்ளே வந்து என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. சாப்பாட்டில் இன்னொரு கரண்டி ரசம் கேட்டீர்கள். அதற்குப்பின் எத்தனை கல்யாண வீட்டுப் பந்தலில் அந்தக் கதையை நீங்களே சொன்னீர்கள், நான் பக்கத்தில் நின்று எத்தனைமுறை கேட்டேன். ஒவ்வொரு தடவையும் ஒரு புது வரி சேரும். ஆனால் ஒவ்வொரு சாரலுக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் புதுத்துணி சுற்றுவதை மட்டும் விடவில்லை.

உங்கள் உடல் கூடத்தில் கிடந்தபோது இசக்கி பஸ் காக்கியோடேயே ஓடிவந்தான். உங்கள் வலது கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "எனக்குச் சோறு போட்ட கையில்லா" என்று அழுதான். நான் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அழுகை வரவில்லை.

போன வாரம் பாவூர்சத்திரத்தில் என்னைக் கண்டதும் பஸ்ஸை நிறுத்தி ஏற்றிக்கொண்டு, முன் சீட்டில் உட்காரவைத்தான். தென்காசி வரும்வரை உங்கள் பெருந்தன்மையைத்தான் சொல்லிக்கொண்டு வந்தான். தன் பையனுக்கு உங்கள் பெயரையே வைத்திருக்கிறானாம். உண்மை நாக்கு நுனி வரை வந்தது எனக்கு. மடியில் கிடந்த என் கையைப் பார்த்துக்கொண்டு, "ஆமா இசக்கி, நல்ல மனுசர்" என்றேன். உங்களுக்காகச் சொல்லவில்லை. தெரிந்துவிட்டால் அந்தப் பையனை நாளைக்கு அவன் எப்படிக் கூப்பிடுவான்?