மோத்திக்கும் சேர்த்து ஓர் இடம்

பிப்ரவரி 9, ஞாயிறு
வெயில். காற்றே இல்லை. சர்ச்சில் பூசை முடிந்து வந்து மீன் கழுவும்போது ஜெசி சொன்னாள், சென்னை ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை உறுதியாம். 22ஆம் தேதி கப்பல். செதிலோடு கட்டிப்பிடித்தேன். திட்டினாள்.

போவதற்கு முன் என்ன வேணும் என்று கேட்டேன். சுடிதார் என்பாள் என்று நினைத்தேன்.

“மூணு பேரும் ஒரு ராத்திரி எங்கயாச்சும் டென்ட் போட்டுத் தங்கணும்மா. நாம ஒருநாள் கூட வெளிய தங்கினதில்ல. அப்பா வரணும். அப்பா இல்லன்னா வேணாம்.”

அதுதான் கஷ்டம். இவர் மோத்தியை விட்டு வரமாட்டார். மோத்தி எங்கள் குதிரை. கடற்கரையில் டூரிஸ்ட் பிள்ளைகளை ஏற்றி நடக்கும். அவளுக்காக இவர் கல்யாணம், சாவு எதற்குப் போனாலும் விளக்கு வைக்குமுன் எங்கள் டெய்ரி ஃபார்ம் தெருவுக்குத் திரும்பிவிடுவார். என் தம்பி கல்யாணத்தில் பாயசத்துக்குக்கூட நிற்கவில்லை. நான் இரண்டாம் தாரம், மூத்தாள் கொட்டகையில் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன்.

சரி. மூத்தாளையும் கூட்டிப் போகிற இடமாகப் பார்த்தால் போச்சு.

பிப். 10, திங்கள்
உட்கார முடியவில்லை. வேண்டியது: அவளுக்கு நல்ல தண்ணீர், நிழல், புல். எங்களுக்கு கக்கூஸ். போர்ட் பிளேருக்குப் பக்கம். முதலை கூடாது.

ஜெசி டென்ட் போட விடுகிற ஒரு கேம்ப் நம்பர் தேடித் தந்தாள். நான் பேசினேன். ஒரு பையன், “ஆன்ட்டி, பெட்ஸ் கொண்டாரலாம். நாயா?”
“கொஞ்சம் பெரிசு தம்பி.”
“லாப்ரடாரா?”
“குதிரை.”
லைன் கட். மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை.

பிப். 11, செவ்வாய்
ஜெசி ஸ்கூட்டரில் போய் ஓர் இடம் பார்த்தோம். ஓடைக் கரை. ஊஞ்சல், டைல்ஸ் போட்ட கக்கூஸ், எல்லாம் ஜோர். ஓடை ஓரத்தில் முதலைப் படம் போட்ட போர்டு. மேனேஜரிடம் காட்டினேன்.

“அரே, டர்னா மத் ஆன்ட்டி. ஏக் ஹீ ஹை.” பயப்படாதே, ஒன்றுதான் இருக்கிறதாம்.

“எங்ககிட்டயும் குதிரை ஒண்ணுதான் இருக்கு” என்று தமிழிலேயே சொல்லிவிட்டு வந்தேன். ஜெசி சிரித்த சிரிப்பில் வண்டி ஆடியது.

பிப். 13, வியாழன்
மேகம். முழங்கால் வலி. தெற்கே ஒரு கடற்கரை கேம்ப், குதிரை வரலாம் என்று ஒத்துக்கொண்டார்கள். பகலில் ஒரு தடவை கொண்டுபோய்ப் பார்ப்போம் என்றதும் இவரும் கிளம்பினார். மோத்தியை டெம்போவில் ஏற்றிக்கொண்டு போனோம். மணல்தானே அவளுக்குப் பழக்கம், சந்தோஷமாக இருப்பாள் என்று நினைத்தோம். மூன்று பேரில் ஒருத்தருக்காவது மூளை வேலை செய்ய வேண்டாமா?

இறங்கினாள். காதைத் தூக்கிக்கொண்டு நின்றாள். யாரும் ஏறவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவளாகவே தண்ணீர் ஓரமாக நடந்தாள். சவாரி எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரம் போய்த் திரும்பி வந்தாள். நின்றாள். மறுபடி போனாள். புல்லைக் காட்டினோம், பார்க்கவில்லை. தண்ணீரில் வாய் வைக்கவில்லை. மணலைப் பார்த்தால் வேலை நேரம் என்றுதான் அவளுக்குத் தெரியும்.

ஜெசி அழுதுவிட்டாள். “இன்னிக்கு லீவுன்னு அவகிட்ட எப்படிம்மா சொல்றது?”

மதியமே திரும்பினோம். வரும் வழியெல்லாம் இவர் விசிலடித்துக்கொண்டு வந்தார். காரியம் கெட்டுப்போனதற்கு விசிலா?

பிப். 15, சனி
இடம் கிடைத்துவிட்டது! சௌல்தாரி. ஒரு பெங்காலி அண்ணனுடையது, தாதா என்றுதான் எல்லாரும் கூப்பிடுகிறார்கள். அறுத்து முடித்த வயல், பாக்கு மரம், கிணறு. பாதி காலியான மாட்டுக் கொட்டகை. மழை இல்லாத மாதங்களில் குடும்பங்களுக்கு டென்ட் போட விடுகிறார். மண் எல்லாம் களிமண். மணல் ஒரு பிடி கிடையாது, குனிந்து கிளறியே பார்த்தேன்.

“கோடா பீ ஆயேகா, தாதா” என்றேன். குதிரையும் வரும்.

“ஆனே தோ தீதி. மேரா காய் கோ கம்பெனி மிலேகா.” அவர் மாட்டுக்குத் துணையாச்சாம். இந்தத் தீவில் நல்ல மனுஷன் ஒருத்தர்.

வீட்டுக்கு ஓடிவந்து சொன்னேன். இவர் முகத்தில் ஒன்றும் இல்லை.

“கூரை ஒழுகும்ளா.”
“பிப்ரவரில எந்த மழைங்க?”
“மாட்டு ஈ கடிக்கும்.”
“புகை போடுவோம்.”
“கெணத்துத் தண்ணி அவளுக்கு ஒத்துக்கிடாது.”
“கேன்ல கொண்டு போவோம்.”

கொஞ்ச நேரம் சேணத்தைத் துடைத்தார். பிறகு, “நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க. நான் மோத்திக்குத் தொணையா இருக்கேம்” என்றார். அதற்குப் பின்னால் மெதுவாக, “கப்பல்ல அவளுக்கு பங்க் படுக்கையா, கேபினா?” என்று என்னிடம் கேட்டார்.

என்னிடம்! ஜெசி அடுத்த அறையில் இருக்கிறாள். வேலை கிடைத்த நாளிலிருந்து அவளிடம் இவர் நேராக நாலு வார்த்தை பேசவில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

குதிரைக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறார் மனுஷன். முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் சட்டியைத் தேய்த்த தேய்ப்பில் கைப்பிடி கழன்றது.

பிப். 17, திங்கள்
சௌல்தாரியில் உட்கார்ந்து எழுதுகிறேன். குதிரையைத் திருடிவிட்டேன்.

காலையில் இவர் தவிடு வாங்க பஜார் போனார். டெம்போவை முன்னாடியே சொல்லி வைத்திருந்தேன். மோத்தி எங்களுக்கு ஏறவில்லை. கெஞ்சினேன், வெல்லம் காட்டினேன், மூத்தாளே தாயே என்றேன். கடைசியில் ஜெசி கொடியில் கிடந்த அப்பாவின் அழுக்குச் சட்டையைப் போட்டுக்கொண்டு முன்னால் ஏறினாள். மோந்து பார்த்துப் பின்னாலேயே ஏறிவிட்டாள் மோத்தி.

பக்கத்து வீட்டுத் தெலுங்கு அக்காவிடம், “இவர் வந்தா சொல்லுங்கக்கா, மூத்தாளும் இளையாளும் மகளும் சௌல்தாரி போயாச்சு” என்றேன். அக்கா வாயில் முந்தானை.

இங்கே வந்ததும் மோத்தி வயலில் படுத்துப் புரண்டாள். நாலு காலும் ஆகாயத்தில். நான் இதுவரை பார்த்ததே இல்லை.

எனக்குத்தான் நிலைகொள்ளவில்லை. டென்ட் கயிற்றை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினேன். வராமலே இருந்துவிட்டால்? ஜெசி ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் பஸ்ஸில் வரவில்லை. அடுத்ததிலும் இல்லை.

வெயில் தாழ்ந்தபோது வரப்பு மேல் வந்தார். இரண்டு கையிலும் பை. என் பக்கம் திரும்பவே இல்லை. நேரே மோத்தியிடம் போனார். கால், குளம்பு, வயிறு தடவிப் பார்த்தார்.

“ஆரு வண்டில ஏத்துனது?”
“நான்தாம்ப்பா” என்றாள் ஜெசி. சட்டை இன்னும் அவள் மேல்தான்.
“ஒதச்சிருந்தா என்னட்டி செய்வ?”
“பயந்துக்கிட்டேதான் ஏத்துனேன்.”
“எந்தப் பக்கம் நின்ன?”
“இடது பக்கம்.”
“ம். பின்னால நிக்கலைல்லா. அது போதும்.”

ஒரு பையில் தவிடு. இன்னொன்றில் கொசுவலை, ஜெசிக்குப் பிடித்த முறுக்கு. நான் ஒன்றும் கேட்கவில்லை. என் வாய்க்கு அது பெரிய நோன்பு.

பிப். 18, செவ்வாய்
பனி. எழுந்து பார்த்தால் டென்டில் நான் மட்டும். அப்பாவும் மகளும் வரப்பில். டீ கொண்டுபோனேன். பேச்சு நிற்கவில்லை.

“ராத்திரி டூட்டின்னா ஆஸ்டலுக்கு எப்படி வருவ?”
“ஆஸ்பத்திரி வண்டி இருக்குப்பா.”
“சோறு?”
“மெஸ்.”
“வாய்ல வைக்கிற மாதிரி இருக்குமா?”
“இருக்காது.”
“லீவு எப்பத் தருவான்?”
“ஆறு மாசமாகும்ப்பா.”
இவர் புல்லைப் பிய்த்தார். அவள் தோளில் சாய்ந்துகொண்டாள். பிறகு, “கப்பல்ல மேல் பங்க் எடுக்காத, ஆட்டும்” என்றார். அவளிடமே.

மோத்தி தாதா மாட்டோடு வயலின் அந்தக் கோடியில். இவர் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை.

சொன்னபடி டெம்போக்காரன் வந்துவிட்டான். “சலேங், பையா?” கிளம்பலாமா என்றான். நான் பாயைச் சுருட்டினேன்.

இவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே கையைக் காட்டினார். “கல் ஆனா.” நாளைக்கு வா.

அரிசி ஒரு வேளைக்குத்தான் இருக்கிறது.